திறன் அடிப்படைப் பட்டம்: வேலை தெரிந்தவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்? (அனுபவப் பகிர்வு)

கிழக்குக்கரை:
வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை எண்ணாமல், திறனை நிரூபித்தால் பாஸ் போடும் அமெரிக்கப் பட்டம்தான் திறன் அடிப்படைப் பட்டம். அதில் ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது, கொட்டிவிடுகிறேன். ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமத்தோடு வருடக்கணக்கில் வார்டு பார்த்த செவிலியர், பி.எஸ்.என். (செவிலியர் இளங்கலைப் பட்டம்) முடிக்கச் சேர்ந்தவர். நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதைக் குறைக்க ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருந்தார். ரூப்ரிக்கில் (தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற மதிப்பீட்டு அட்டவணை) ஒரு வரிசை தவிர எல்லாவற்றிலும் ‘தகுதி உண்டு’. அந்த ஒன்றில் மட்டும் ‘நெருங்குகிறது’. தாள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. திரையில் அந்த வரிசையை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார்: “ராத்திரி பூரா நான் இதைத்தாங்க செய்றேன். இதுலயா எனக்குத் தகுதி இல்ல?”

அந்த வரிசை கேட்டது, மாற்றம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பீர்கள் என்று. அவர் எழுதியிருந்தது: ‘தொடர்ந்து கண்காணிக்கப்படும்.’ திருத்தியதில்: 1,000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒன்று) எத்தனை பேர் விழுந்தார்கள், மாற்றத்துக்கு முன் 3 மாதம், பின் 3 மாதம், எண்ணிக்கை சம்பவ அறிக்கைகளிலிருந்து, எடுப்பவர் சார்ஜ் நர்ஸ் (ஷிஃப்ட் பொறுப்பு நர்ஸ்). இரண்டே வாக்கியம். பாஸ் ஆகிவிட்டது.

பாதிராத்திரி_காபி:
அப்போ சோதித்தது எழுத்தைத்தானே, திறனை இல்லையே? அந்த அம்மா வேலை செய்வதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது, தாளைத் திருத்துபவர் யாரென்றும் தெரியாது. இதற்குப் பேர் பல்கலைக்கழகமா?

மதிப்பீட்டு_மேசை:
@பாதிராத்திரி_காபி ஆசிரியர் கிடையாது என்பது தப்பு. வேலையைப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1997-இல் அமெரிக்க மேற்கு மாநிலங்கள் பலவற்றின் ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலையை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் போட்டுக் கூடவே வருபவர் மென்டர். பாடத்தில் சந்தேகம் தீர்ப்பவர் இன்ஸ்ட்ரக்டர். தாள் பார்ப்பவர் மூன்றாவது ஆள், அவருக்கு மாணவரைத் தெரியாது. பாவம் என்று பாஸ் போடவும் முடியாது, பிடிக்கவில்லை என்று தள்ளவும் முடியாது.

நீங்கள் கேட்டதை அமெரிக்க அரசே இந்தப் பல்கலையிடம் கேட்டது. கல்வித் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2017-இல், ஆசிரியருடன் ‘முறையான, பொருளுள்ள தொடர்பு’ போதவில்லை, இது தபால் வழிக் கல்வி மாதிரி என்று சொல்லி, மாணவர் நிதியுதவியாகப் போன 71 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்கச் சிபாரிசு செய்தார். 2019 ஜனவரியில் துறை அதை ஏற்கவில்லை.

செவிலியர் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண வகுப்பில் 100-க்கு 75 வாங்கினால் விட்டுப்போன 25 கண்ணில் படாது. இங்கே சராசரி கிடையாது. ஒரு வரிசை ஓட்டையென்றால் தாள் திரும்பும். விழுவதைத் தடுப்பது ஒரு திறன், தடுத்ததை எண்ணிக்கையில் காட்டுவது வேறு திறன். பி.எஸ்.என். கேட்பது இரண்டாவதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எழுத உட்காரும்போது பாடப் பக்கத்தைத் திறக்காதீர்கள், ரூப்ரிக்கைத் திறங்கள். ஏ1, ஏ2, பி என்று எப்படி இருக்கிறதோ அப்படியே உபதலைப்பாகப் போடுங்கள், பார்ப்பவர் தேடக்கூடாது. அடுத்து வினைச்சொல். ‘விவரி’ என்றால் என்ன நடந்தது, ‘ஒப்பிடு’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில், ‘நியாயப்படுத்து’ என்றால் காரணமும் அதற்கு ஆதாரமும். அனுபவசாலிகள் சறுக்குவது கடைசியில்தான்; அவர்களுக்குக் காரணம் கேட்பதே விநோதமாக இருக்கும். ‘இரண்டு உத்திகள்’ என்று கேட்டால் இரண்டு. மூன்று எழுதினால் போனஸ் இல்லை, மூன்றாவது அரைகுறையாக இருந்தால் வம்புதான். கேள்வியைத் தாளில் அப்படியே ஒட்டி வைத்தால் ஒற்றுமைச் சோதனையில் (காப்பி அடித்ததா என்று பார்ப்பது) சதவீதம் ஏறும், அதைச் சொந்த வாக்கியமாக்குங்கள். திரும்பி வந்தால் அந்த வரிசையை மட்டும் திருத்துங்கள். பாஸான பத்தியில் கைவைத்து அதையும் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

கொள்குறித் தேர்வு என்றால் படிக்கும் முறை தலைகீழ். பாடம் படிக்கும் முன்பே ப்ரீ-அசெஸ்மென்ட் (முன்னோட்டத் தேர்வு) எழுதிவிடுங்கள். முடிவு திறன்வாரியாக வரும், பலவீனமான பகுதியை மட்டும் படிக்கலாம். ஆனால் அதே கேள்விகளை மறுபடி மறுபடி எழுதி மனப்பாடம் செய்து மதிப்பெண் ஏறியதை நம்பி உள்ளே போனால், நிஜத் தேர்வில் கேள்வி மாறியிருக்கும்.

நிதியுதவி_ஜன்னல்:
எல்லோரும் ரூப்ரிக்கிலேயே நிற்கிறீர்கள். ஆள் விழும் இடம் வேறு. ஒருவர் 6 மாத டேர்மில் (பருவத்தில்) எடுத்த 12 யூனிட்டையும் (பாடத்தின் அளவு, கிரெடிட் மாதிரி) நான்காம் மாதமே முடித்தார். கட்டணம் டேர்முக்குத்தான், எத்தனை முடித்தாலும் அதே பணம். 4,000 டாலர் என்று வையுங்கள்: 12 யூனிட் முடித்தால் யூனிட்டுக்கு 333, 24 முடித்தால் 167. இந்தக் கணக்கைப் பார்த்ததும் யாருக்கும் கை அரிக்கும். இன்னும் 9 யூனிட் சேர்த்தார். ஒன்றும் முடியவில்லை. நிதியுதவி எச்சரிக்கைக் கடிதம் வந்ததும் அவர் கேட்டது: “சும்மா இருந்திருந்தா நூத்துக்கு நூறு. கூட உழைச்சதுக்கு இதுவா?”

கணக்கு அப்படித்தான். சேர்த்த நிமிடமே அது ‘முயன்ற யூனிட்’. 21-இல் 12 என்றால் 57 சதவீதம். நிதியுதவி தொடர, முயன்றதில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும். 6 மட்டும் சேர்த்திருந்தால், ஒன்றும் முடியாமல் போனாலும் 18-இல் 12, கரெக்டாக விளிம்பில் தப்பித்திருப்பார். படிப்பின் கால அளவில் 150 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற மத்திய விதியிலிருந்து வருவது இந்த மூன்றில் இரண்டு. ஆகவே கூடுதலாகச் சேர்ப்பதை ஒரு நேரத்தில் ஒரு பாடமாகச் சேருங்கள், முடித்த பிறகு அடுத்தது. கடைசி மூன்று வாரத்தில் எழுத்துப் பணி உள்ள பாடத்தைத் தொடாதீர்கள். திருத்த ஒரு சுற்று, பார்த்துத் தர சில நாள், அதற்குள் டேர்ம் முடிந்துவிடும்.

பாதிராத்திரி_காபி:
@மதிப்பீட்டு_மேசை முழு பதிலும் படித்தேன். இன்னும் எழுத்துச் சோதனை என்றுதான் சொல்வேன். எண்ணிக்கையில் காட்டத் தெரியாத நல்ல நர்ஸ் இருப்பார், அழகாகக் காட்டத் தெரிந்த மோசமான நர்ஸும் இருப்பார்.

மதிப்பீட்டு_மேசை:
இருப்பார். அதைப் பார்க்க உரிமத் தேர்வு இருக்கிறது. இது அதற்கு மேல் வாங்கும் பட்டம்.

எச்ஆர்_படிவம்:
கம்பெனி பணம் தரும் என்று நம்பிச் சேர்பவர்களுக்கு. படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: பாடத்துக்கு கிரேடு, பாடத்துக்குக் கட்டணம். திறன் அடிப்படையில் இரண்டுமே இல்லை. ட்ரான்ஸ்கிரிப்ட்டில் (பாடவாரி மதிப்பெண் ஆவணம்) வெறும் ‘பாஸ்’, ரசீதில் டேர்முக்கு ஒரே தொகை. ஒரு கிடங்கு மேற்பார்வையாளர் எல்லாப் பாடமும் பாஸ் செய்துவிட்டு வந்து நின்றார், ‘கிரேடு காலி’ என்று சிஸ்டம் தள்ளிவிட்டது. கவுன்ட்டரில் ட்ரான்ஸ்கிரிப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது ஒரு எழுத்து இருக்காதா என்று.

சேரும் முன்பே இரண்டு கடிதம் வாங்குங்கள். பாஸ் என்றால் பி-க்குச் சமம், 3.0 என்று பல்கலையிடமிருந்து ஒன்று (வெஸ்டர்ன் கவர்னர்ஸ் அப்படித்தான் வைத்திருக்கிறது). டேர்ம் கட்டணத்தை முடித்த யூனிட்டால் வகுத்து ஏற்போம் என்று கம்பெனியிடமிருந்து மற்றொன்று. வரியில்லாமல் கம்பெனி தரக்கூடியது ஆண்டுக்கு 5,250 டாலர். 4,000 வீதம் இரண்டு டேர்ம் ஒரே காலண்டர் ஆண்டில் விழுந்தால் மீதி 2,750 பொதுவாகச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். டேர்ம் எந்த மாதமும் தொடங்கலாம் என்னும் இடங்களில், தொடங்கும் மாதத்தை இதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மதுரைக்காரி:
தங்கச்சி எச்-4-இல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வந்திருக்கிறாள், ஊரில் பி.காம். முடித்தவள். இதில் சேரலாமா?

நிதியுதவி_ஜன்னல்:
சேரலாம் அக்கா, எச்-4-இல் படிக்கத் தடையில்லை. ஊரிலிருந்தே எஃப்-1 (மாணவர் விசா) வாங்கி வர இது உதவாது; முழுக்க ஆன்லைன் படிப்புக்கு ஐ-20 (அந்த விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) தரமாட்டார்கள். மத்திய நிதியுதவியும் எச்-4-க்குக் கிடையாது, கட்டணம் கைக்காசுதான். ஊர் பி.காம். பாடங்களுக்குக் கிரெடிட் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பட்டத்தை ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்திடம் ‘பாடவாரி’ அறிக்கை கேட்கச் சொல்லுங்கள். ‘ஆவணவாரி’ விலை குறைவு, ஆனால் பட்டம் சமம் என்று மட்டும் சொல்லும், கிரெடிட்டுக்கு உதவாது. ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்குப் பொதுவாகக் கல்லூரியில் இல்லை, பல்கலையின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது வந்து, மதிப்பீடு முடிந்து, இங்குள்ள பல்கலை கிரெடிட்டை எழுத்தில் உறுதி செய்த பிறகு டேர்மைத் தொடங்கச் சொல்லுங்கள். முதல் டேர்ம் ஓட ஆரம்பித்த பின் வரும் கிரெடிட்டை ஏற்காத இடங்கள் உண்டு.