எட்டாம் ஹென்றி ஏன் வெனிஸில இருந்து குழல் ஊதுற குடும்பத்தைக் கூப்பிட்டவர்?

இணுவில்_நாயனம்:
வணக்கம் எல்லாருக்கும். நான் நாதஸ்வரம் படிக்கிறன். யூரியூப்பில ரெக்கோடர் எண்ட மரப் புல்லாங்குழலைக் குழுவா வாசிக்கிற வீடியோ ஒண்டு பாத்தனான், 1540 அளவில எட்டாம் ஹென்றி ராசாவின்ர லண்டன் அரண்மனையில பஸ்ஸானோ எண்ட இத்தாலிக் குடும்பம் இப்பிடித்தான் வாசிச்சதெண்டு அதில போட்டிருந்திச்சு. அப்ப இங்கிலாந்தில ஊதத் தெரிஞ்ச ஆக்களே இல்லையோ? அண்ணன் தம்பி அஞ்சு பேரை ஏன் கூப்பிடோணும்? எங்கட பூட்டனாரும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கோயிலுக்கு வாசிக்க வந்தவர் எண்டு வீட்டில சொல்லுவினம், அதால இது மனசுக்க நிண்டு போச்சு.

திருநெல்வேலி_ரீச்சர்:
ஊதுற ஆக்கள் இருந்தவை தம்பி. ஆனா அந்தக் காலத்தில ரெக்கோடர் எண்டா ஒரு குழல் இல்லை, சின்னதில இருந்து பெரிசு வரைக்கும் ஒரு செட், ஒரே பட்டறையில ஒரே சுருதிக்குக் கடைஞ்சு எடுத்தாத்தான் சேர்த்து வாசிக்கலாம், பஸ்ஸானோ ஆக்கள் கடையிறதும் அவையே வாசிக்கிறதும் அவையே. அல்விசே, ஜாஸ்பர், ஜோன், அன்ரனி, பப்ரிஸ்ரா எண்டு அஞ்சு பேரும் 1539-40 அளவில போய்ச் சேர்ந்தவை. ஹென்றிக்கே ரெக்கோடரில பைத்தியம், 1547ல அவர் செத்தாப்பிறகு எடுத்த சாமான் கணக்கில 76 ரெக்கோடர் இருந்தது. இருக்க இடம் குடுத்தது சார்ட்டர்ஹவுஸ் மடத்தில. அங்க இருந்த துறவிகள் கொஞ்சப் பேரை 1535ல ராசா கொல்லுவிச்சு, பிறகு மடத்தையே பறிச்சவர். அந்த அறையளுக்க இருந்து குழல் கடைஞ்சிருப்பினம் எண்டு நினைக்க நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு.

அளவெட்டி_மாமா:
ரீச்சர் சொன்னது சரி, நான் ஊதுற ஆள் எண்டபடியா ஒண்டு சேர்க்கிறன். எங்கட நாதஸ்வரத்துக்கு வாயில வைக்கிற நாணல் இதழ், சீவாளி இருக்கு, அதை வாயில வைச்சு நனைச்சு உதட்டால கொஞ்சம் இறுக்கினாலே சுரம் ஏறும், தளர்த்தினா இறங்கும், கமகம் முழுக்க அதிலதான் நிக்குது. ரெக்கோடருக்குச் சீவாளி இல்லை, உதட்டுக்கு அங்க வேலையே இல்லை. மூச்சைக் கூட்டிச் சுருதியை ஏத்தப் பாத்தா சத்தமும் சேர்ந்து கூடிப்போம். அதால கடைஞ்சவன் குடுத்த சுருதிதான் சுருதி, அஞ்சு பேர் சேர்ந்து ஊதேக்க ஒரு குழல் பிழைச்சாலும் காதுக்குத் தெரியும். எங்கட நாதஸ்வரத்துக்கு அங்க சொந்தக்காரன் ஷோம் எண்ட வாத்தியம், அதுக்கும் ரெண்டு இதழ்ச் சீவாளிதான், வெளியில ஊர்வலத்துக்கு ஊதுறது, நல்ல சத்தம். 1545ல கடலில தாண்டுபோன மேரி ரோஸ் எண்ட ஹென்றியின்ர போர்க்கப்பலுக்க இருந்தும் அந்த இனத்துக் குழல் ஒண்டு எடுத்தவை. ரெக்கோடர் மெல்லிசு, அறைக்குள்ள வாசிக்கத்தான்.

இணுவில்_நாயனம்:
இப்ப விளங்குது மாமா. வந்தவை பிறகு திரும்பிப் போயிட்டினமோ?

திருநெல்வேலி_ரீச்சர்:
பெரும்பாலும் அங்கயே நிண்டிட்டினம். மகன், பேரன் எண்டு வேலை கைமாறி 1630 மட்டும் அந்த ரெக்கோடர் குழு இருந்தது, தொண்ணூறு வருசம்! பப்ரிஸ்ராவின்ர மகள் எமிலியா 1611ல தன்ர சொந்தப் பேரிலயே கவிதைப் புத்தகம் போட்டவ, அந்தக் காலத்தில ஒரு பொம்பிளைக்கு அது சின்ன விசயமே? அவ கட்டினது லானியர் குடும்பத்தில, அவையும் பிரான்ஸில ரூவான் பக்கத்தில இருந்து வந்த குழல்காரர். அந்த வீட்டுப் பெடியன் நிக்கலஸ் லானியர்தான் முதலாம் சார்ள்ஸ் காலத்தில ராசாவின்ர சங்கீதத்துக்கு முதல் தலைவராய் வந்தவர்.

இணுவில்_நாயனம்:
நன்றி ரீச்சர், நன்றி மாமா. இதை அப்பாட்ட வாசிச்சுக் காட்டினனான். ஒண்டும் பேசாமல் எழும்பிப் போய் பூட்டனார் கொண்டு வந்த நாதஸ்வரத்தைப் பெட்டிக்க இருந்து எடுத்தவர். உலவில, அதுதான் மரக்குழல் பகுதியில, நீட்டுக்கு ஒரு வெடிப்பு, நூல் சுத்திக் கட்டியிருக்கு, விரல் வைக்கிற துளையளின்ர விளிம்பு தேஞ்சு வழுவழுப்பாய் இருக்கு. அடியில இருக்கிற வாய் அகண்ட அணசைக் கழட்டித் துடைச்சு என்ர கையில தந்தவர்.