சுவரில் ஸ்ப்ரே: கலையா, நாசவேலையா?

வெள்ளைச்சுவர்:
நியூயார்க்கின் 5பாயின்ட்ஸ் கட்டடத்தில் இருந்த கிராஃபிட்டியை (ஸ்ப்ரே சுவரோவியங்களை) அழித்ததற்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்களே, அப்போ சட்டப்படி அது கலைதானா? என் காம்பவுண்டில் எவனாவது அடித்துவிட்டுப் போனால் நான் தொடக்கூடாதா?

கரித்துண்டு:
தாராளமாக அழிக்கலாம். அங்கே உரிமையாளர் சம்மதத்தோடு வரைந்தார்கள், வித்தியாசமே அதுதான். 2013 நவம்பரில் அந்த உரிமையாளரே ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டார். 2018 தீர்ப்பில் 45 ஓவியங்களுக்குத் தலா 1,50,000 டாலர். 90 நாள் நோட்டீஸ் கொடுத்து, ஓவியர்களுக்கு அவகாசம் தந்திருந்தால் இவ்வளவு அடி விழுந்திருக்காது.

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவு: படைப்பைச் சிதைத்தால் படைத்தவர் வழக்குப் போடலாம். டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்த்தெடுத்த, சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச்சிற்பத்துக்கு 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. அது அரசே செய்யச் சொன்ன வேலை என்பதைக் கவனியுங்கள்.

சுண்ணாம்பு:
கோயில் கல்லில் பெயர் கிறுக்குவதைக் கலை என்று யாரும் வாதாட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காம்பவுண்டுக்கு வருவோம். எமல்ஷன் அடித்த சுவரில் நேரடியாக மேல்பூச்சு போட்டால் சிவப்பு நிறம் கசிந்து வெளியே தெரியும். முதலில் கறை தடுக்கும் பிரைமர். கருங்கல், செங்கல் என்றால் தின்னர் ஊற்றித் தேய்க்காதீர்கள். பெயின்ட் கரைந்து துளைக்குள் இறங்கிவிடும், அப்புறம் நிழல் மாதிரி நிற்கும். பெயின்ட் ரிமூவர் ஜெல்லை மூலையில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்து, ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். கம்பி பிரஷ் கூடாது, இரும்புத் துகள் துருப்பிடிக்கும்.