ஃபுளோரிடா கூம்புச் சங்குப் புதைபடிவம்: குறிப்பில் 'வலம்புரி' என்று எழுதலாமா?

சோழிப்பை:
ஃபுளோரிடாவில் சரசோட்டா பக்கத்துச் சிப்பிக் குழியிலிருந்து (புதைபடிவச் சிப்பி தோண்டும் இடம்) வந்த ஐந்து கூம்புச் சங்குகள். எல்லாமே சுண்ணாம்பு வெள்ளை, நிறம் துளியும் இல்லை. பெரியது நீளம் 62 மி.மீ., அகலம் 33.5. அது மட்டும் வலம்புரி. இனம் பிரிக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்? குறிப்பில் 'வலம்புரி' என்றே போடலாமா?

தையல்கோடு:
போடாதீர்கள், குழப்பம் அங்கேதான் தொடங்கும். நம் ஊரில் வலம்புரி என்பதை ஆய்வாளர்கள் இடச்சுருள் என்பார்கள். நாம் சங்கை வால் மேலே இருக்கப் பிடித்துப் பார்க்கிறோம். அவர்கள் கோபுர (வாலுக்கு எதிரே சுற்றுகள் குவியும் பகுதி) முனையை மேலே வைத்து, வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்படி வைத்தால் உங்களுடையதில் வாய் இடப்பக்கம் வரும். 'முனை மேலே, வாய் இடப்பக்கம்' என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை. படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பவில்லையா என்றும் பாருங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தால் எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பகுதியில் இடச்சுருள் என்றால் முதலில் நினைக்க வேண்டியது கோனஸ் அட்வர்சாரியஸ், 1840இல் அமெரிக்க ஆய்வாளர் கான்ராட் பெயரிட்டது. சிலர் கான்ட்ராகோனஸ் என்று தனிப் பேரினமாகவே வைக்கிறார்கள். அற்றுப்போன இனம். மற்ற நான்கையும் அதே காலம் என்று முடிவு கட்டாதீர்கள். குழியில் அள்ளிக் கொட்டிய குவியலில் பிளையோசீனும் அதற்கு அடுத்த பிளைஸ்டோசீனும் என இரண்டு புவியியல் காலத்து ஓடுகளும் கலந்துதான் கிடக்கும்.

வெர்னியர்:
நீளமும் அகலமும் மட்டும் போதாது. வாயின் உயரம், அடிநுனியிலிருந்து அதிக அகலம் வரும் இடம் வரை உள்ள உயரம், இரண்டும் வேண்டும். நீளத்தையும் உயரங்களையும் ஓட்டின் நடு அச்சுக்கு இணையாகவும், அகலத்தை அதற்குச் செங்குத்தாகவும் எடுங்கள். வாய் உயரம் 54, மற்றது 46 என்று வைத்துக்கொண்டால்:

அகல விகிதம் 33.5/54 = 0.62
அகலம் வரும் இடம் 46/54 = 0.85
கோபுர விகிதம் (62−54)/62 = 0.13

உதடு (வாயின் வெளி விளிம்பு) உடைந்திருந்தால் அகலம் குறைந்து முதல் விகிதம் பொய்யாகிவிடும். 'உதடு உடைந்தது' என்று எழுதாத அளவு எதற்கும் உதவாது.

பிறகு கோபுரத்தை லென்ஸில் பாருங்கள். முதல் சுற்றுகளில் முத்து முத்தாகப் புடைப்பு உண்டா, தோளுக்கும் (சுற்றின் மேல் விளிம்பு) தையலுக்கும் (சுற்றுகள் ஒட்டும் கோடு) நடுவில் சுருள் வரிகள் எத்தனை, அங்கே வளர்ச்சிக் கோடு எவ்வளவு ஆழமாக வளைகிறது. பலர் விட்டுவிடுவது அந்த வளைவைத்தான். உள்சுவர் காகிதம் போல இருந்தால் தேய்மானம் என்று எழுதாதீர்கள்; கூம்பு நத்தை வளரும்போது தானே உள்சுவரைக் கரைத்துக்கொள்ளும்.

ஊதாவிளக்கு:
நிறம் போய்விட்டது என்று விடவேண்டாம். வீட்டு பிளீச்சில் ஒரு நாள் ஊறவிட்டு, நன்றாக அலசி, முழுக்கக் காயவைத்து, இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பாருங்கள். 395 டார்ச் மலிவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். நிறமி இருந்த இடம் ஒளிரும், அதாவது நெகட்டிவ் போல. படத்தில் வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றிப்போட்டால் பழைய கோலம் ஏறக்குறைய வரும். டொமினிக்கன் குடியரசின் கூம்புச் சங்குப் புதைபடிவங்களில் ஆய்வாளர் ஹெண்ட்ரிக்ஸ் இப்படிக் கோலம் பார்த்து, 2015இல் 28 இனங்களை விவரித்தார், 13 புதியவை.

பிளீச்சோடு வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். வினிகர் தனியாகப் பட்டாலும் ஓடு கரையும். விளக்கு எரியும்போது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம்.

சோழிப்பை:
செய்து பார்த்தேன். ஒரு சின்னதில் தோளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் ஒளிர்கின்றன. உதட்டோரம் நீலவெள்ளைப் பட்டை ஒன்றும் இருக்கிறது. இரண்டும் கோலமா?

ஊதாவிளக்கு:
புள்ளிகள் வரிசை மாறாமல் சுற்றோடு போனால் கோலம். பட்டை விரிசலைப் பின்பற்றினால், யாரோ ஒட்டிய பசை. ஊசிமுனையால் ஓரத்தில் மெல்லச் சுரண்டுங்கள். படலமாக உரிந்தால் பசையேதான். குறிப்பில் அதையும் எழுதுங்கள்.