ஆஸ்ட்ரோபீ: வீரர்களின் வேலையைக் குறைக்குதா, கூட்டுதா?

தேக்கா_வாசி:
அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு 2019ல் போன நாசாவின் ஆஸ்ட்ரோபீக்களான பம்பிள், ஹனி, குவீன் மூன்றும் பக்கத்துக்கு 32 செ.மீ. உள்ள கனசதுர ரோபோக்கள். விசிறிக் காற்றை 12 துளைகள் வழியாகப் பீச்சிப் பறக்கும். நிலையத்துக்குள் பொருள் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு இவை தேவையே இல்லை என்பேன். வாசல்களில் பொருத்திய ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் காணும்) ஆன்டெனாக்களே பைகளில் உள்ள ஒட்டுவில்லைகளைப் படித்துவிடும். அவை வழி தவறாது, சார்ஜும் கேட்காது.

ஜூரோங்_47:
அண்ணே, அந்த ஆன்டெனா எந்தக் கூடம் என்றுதான் சொல்லும், எந்தப் பைக்குப் பின்னால் என்று சொல்லாது. உலோகச் சுவரில் அலை பட்டுத் திரும்பிக் குழப்பும். ஒட்டுவில்லையைப் படிக்கும் ரீடரை ரோபோவில் மாட்டி நகர்த்தினால் தேடும் இடம் சுருங்கும். முன்பு அங்கே பறந்த பழைய ஸ்ஃபியர்ஸ் ரோபோக்களுக்குப் பேட்டரியையும் கரியமில வாயுக் குப்பியையும் வீரர்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஆஸ்ட்ரோபீ தானே நிலையத்தின் ஜப்பானிய ஆய்வுக்கூடமான கிபோவில் உள்ள டாக்கில் (சார்ஜ் மேடையில்) போய் ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

தேக்கா_வாசி:
அந்த "தானே"யில்தான் சிக்கல். கேமராவில் தெரியும் விளிம்பு, எழுத்து, திருகு இவற்றை முன்பே எடுத்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் அது இடத்தைக் கணிக்குது. சரக்குக் கலம் வந்து சுவரோரம் வெள்ளைப் பைகளைக் கட்டி வைத்தால் அந்த அடையாளமெல்லாம் மறைந்துபோகும். வெளிச்சம் மாறினாலும் அப்படித்தான். பிறகு வீரர் வந்து கையால் பிடித்துக் கொண்டுபோய் வைக்கணும்.

கிபோ_பயிற்சி:
ஜப்பானிய விண்வெளி அமைப்பான ஜாக்சா நடத்தும், ஆஸ்ட்ரோபீயை இயக்க நிரல் எழுதும் கிபோ நிரலாக்கப் போட்டிக்குப் போகும் நம்ம சிங்கப்பூர் மாணவர்கள் இதைக் கவனிக்கணும். சிமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடும், மேலே சில சென்டிமீட்டர் விலகும். நகரும் கட்டளை வெற்றியா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். தோற்றால் மறுபடி அனுப்புங்கள், ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் நேரம் முழுக்க அதிலேயே போயிடும். நேர்கோடு தடைப் பகுதியின் மூலையை உரசினாலும் கட்டளை செல்லாது, இடையில் ஒரு புள்ளி சேருங்கள். போய் நின்றதும் ஆட்டம் அடங்கட்டும். லென்ஸ் வளைவைத் திருத்திய பிறகே படத்தில் குறியீட்டைத் தேடுங்கள்.

ஜூரோங்_47:
வரைபடத்தை அடிக்கடி புதுப்பிக்கணும், ஒத்துக்கிறேன். ஆனால் அதன் சிறிய கையை மறந்துட்டீங்க. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் விசிறி ஓட வேண்டாம், இரைச்சல் இல்லை, பேட்டரியும் மிச்சம். தரையிலிருந்தே கேமராவைத் திருப்பலாம். வீரர் படமெடுக்க வர வேண்டியதில்லை.

தேக்கா_வாசி:
அந்த வேலைக்குச் சரி, மறுக்கலை. பொருள் தேட மட்டும், பை நகர்ந்தாலும் தடுமாறாத வரைபடம் வரும்வரை ஆன்டெனாதான்.