நீந்தும் பரமேசியத்தின் ஒளிக்கட்டத்தை ஒரே படத்தில் அளக்க முடியுமா?

குடமுருட்டிக்கரை:
வணக்கம். திருவையாற்றுப் பக்கத்துச் சம்பா வயல் நீரிலுள்ள பரமேசியம், யூக்ளினா ஆகிய ஒருசெல் உயிரிகளைச் சாயமேற்றாமல் உயிரோடு நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றினூடே செல்லும் ஒளியலை எவ்வளவு பின்தங்குகிறது (அதாவது அதன் கட்டம்) என்று அளந்து வருகிறேன். பொருளினூடே வந்த கதிரும் அதைத் தொடாத ஒப்பீட்டுக் கதிரும் சேர்ந்து வரிகளாகப் பதியும் குறுக்கீட்டுப் படங்களை, ஆடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி நான்கு எடுத்துக் கட்டத்தைக் கணக்கிடுகிறேன். கேமரா நொடிக்கு 30 படங்கள்தான் எடுக்கும். வெங்காயத் தோலுக்கு அருமையாக வரும் இம்முறை, பரமேசியத்துக்குக் குழம்பிவிடுகிறது. வேகமான கேமராதான் தீர்வா?

தஞ்சை ஒளியியல்:
பணம் செலவழிக்கும் முன் கணக்குப் பாருங்கள். பரமேசியம் நொடிக்குச் சுமார் 1 மி.மீ. நீந்தும் என்றால், முதல் படத்துக்கும் நான்காவதற்கும் இடையிலான 0.1 நொடியில் அது 100 மைக்ரான், ஏறத்தாழத் தன் உடலில் பாதி தூரம், நகர்ந்துவிடும். ஆகவே ஒப்பீட்டுக் கதிரைச் சற்றுச் சாய்த்து விழச் செய்யுங்கள். நெருக்கமான வரிகள் பதிந்த அந்த ஒரு படத்தை ஃபூரியர் மாற்றம் (படத்தை வரிகளின் நெருக்கத்தின்படி பிரிக்கும் கணக்கு) செய்தால், நமக்கு வேண்டிய பகுதி நடுவிலிருந்து விலகித் தனியே நிற்கும். அதை மட்டும் வெட்டியெடுத்துக் கட்டத்தைப் பெறலாம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று பிக்சலாவது தேவைப்படுவதால், அதே நுணுக்கத்தில் பார்க்கக்கூடிய பரப்பு சுருங்கும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. எக்ஸ்போஷரையும் மறக்க வேண்டாம்: அது 10 மில்லிநொடி நீடித்தால், ஒரே படத்துக்குள்ளேயே உயிரி 10 மைக்ரான் இழுபட்டுவிடும். லேசரில் ஒளிக்குக் குறைவில்லை என்பதால் 1 மில்லிநொடிக்குக் கீழே இறக்குங்கள்.

வெண்ணாறு:
லேசர் இல்லாமலும் செய்யலாம். எல்இடி பலகையில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை வெவ்வேறு திசைகளில் எரியவிட்டு, வண்ணக் கேமராவால் ஒரே நேரத்தில் மூன்று படங்களையும் பிடிக்கும் முறை இருக்கிறது. லேசர் ஒளியால் படத்தில் விழும் புள்ளியிரைச்சலும் இராது. ஆனால் பொருள் நிறமற்றது என்ற அனுமானத்தில் நிற்கும் முறை இது. யூக்ளினாவின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிடுவதால், உங்கள் வயல் நீருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குடமுருட்டிக்கரை:
மிக்க நன்றி. கதிரைச் சாய்த்தே பார்க்கிறேன். எங்கள் பழைய கணினி நொடிக்கு 30 படங்களைக் கணக்கிட்டு முடிக்குமா?

தஞ்சை ஒளியியல்:
ஃபூரியர் மாற்றம் விரைவாக முடிந்துவிடும். தடித்த உயிரியில் கட்டம் ஒரு முழுச் சுற்றைத் தாண்டி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குமல்லவா, அந்த மடிப்புகளைப் பிரிப்பதுதான் நேரத்தைத் தின்னும். படங்களை அப்படியே சேமித்துக்கொண்டு, கணக்கை இரவில் ஓடவிடுங்கள்.