நுரையீரல் தேறிவிட்டது, மூட்டுவலி மட்டும் விடவில்லை: சார்காய்டோசிஸ் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: பொங்கோல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. பாலர் பள்ளி ஆசிரியை. நெஞ்சிலுள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்ததைக் கண்டு முதலில் காசநோயோ என்று ஐயுற்ற மருத்துவர்கள், திசுப் பரிசோதனைக்குப் பிறகு சார்காய்டோசிஸ் (நுரையீரல் முதலிய உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் உருவாகும் நோய்) என்று உறுதி செய்தார்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் இருமலும் மூச்சிரைப்பும் அடங்கிவிட்டன. இப்போது அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள்.

அளவு குறையக் குறைய மூட்டுவலி தலைதூக்குகிறது. காலையில் விரல்கள் மடங்குவதில்லை. எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறக்க மகளை அழைக்கிறேன். மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமாகத் தடம் பதிந்திருக்கிறது. எக்ஸ்ரே தெளிவாக இருப்பதால் நோய் அடங்கிவிட்டது என்றும், வலி வயதினால் வந்திருக்கலாம் என்றும் நுரையீரல் மருத்துவர் கூறுகிறார். நுரையீரலில் அடங்கிய நோய் மூட்டில் மட்டும் நீடிக்குமா? உறவினர் ஒருவர் ஜொகூரிலிருந்து மூலிகை மாத்திரை வாங்கி வந்து, வலி உடனே பறந்துவிடும் என்கிறார். கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிடச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில்: சுவா சூ காங் வாசகர்

சகோதரி, நீடிக்கலாம். எக்ஸ்ரே நெஞ்சைத்தான் காட்டுகிறது. விரல் மூட்டில் நடப்பதை அது சொல்லாது. எனக்கு நோய் தொடங்கியபோதே கணுக்கால் இரண்டும் வீங்கி, காய்ச்சலும், முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தில் தொட்டாலே வலிக்கும் சிவந்த கட்டிகளும் வந்தன. இதை லோஃப்கிரன் நோய்த்தொகுப்பு என்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும் வகை இது. உங்களுக்கு வலி பின்னால், அதுவும் மருந்து குறையும்போது வந்திருப்பதால், அதை வயதின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நாள்பட்ட சார்காய்டு மூட்டழற்சி அரிதுதான், ஆனால் உண்டு. ஸ்டீராய்டைக் குறைக்கும்போது உடல் முழுவதும் மூட்டும் தசையும் வலிப்பதும் உண்டு. அவற்றோடு தொடர்பே இல்லாமல் முடக்குவாதம் என்ற மூட்டழற்சியோ, யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயோ, தைராய்டுக் கோளாறோ தனியாகச் சேர்ந்திருக்கவும் கூடும். எது என்று பிரித்தறிந்த பிறகுதான் சிகிச்சை பொருந்தும்.

ஆகவே மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி, நுரையீரல் மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இயலாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்கலாம், கட்டணச் சலுகையும் கிடைக்கும். காலையில் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும், அன்றைய மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக் கொண்டு செல்லுங்கள். இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அழற்சியின் பக்கம் சந்தேகம் வலுக்கும். வீக்கம் இருக்கும் நேரத்திலேயே கணுக்காலைப் படம் எடுத்துவிடுங்கள். முன்பதிவு நாளன்று வீக்கம் வடிந்திருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. வீக்கம் மூட்டுக்குள்ளா, சுற்றியுள்ள திசுவிலா என்பதை அல்ட்ராசவுண்டு காட்டிக்கொடுக்கும். அழற்சி என்று தெரிந்தால், ஸ்டீராய்டை மீண்டும் ஏற்றாமலிருக்க மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்ற மருந்துகள் உள்ளன. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டுமே எடுக்க வேண்டியது. அன்றாடம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பதில்: ஓய்வுபெற்ற தாதி

அம்மா, அந்த மூலிகை மாத்திரையைத் தொடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வெளியிலிருந்து வாங்கிவரும் மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டைப் பெட்டியில் குறிப்பிடாமல் கலந்திருப்பதாக நம் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. வலி உடனே பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. ஏற்கெனவே ஸ்டீராய்டைக் குறைத்துவரும் உங்களுக்கு, அதைச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வும் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரக்கூடும்.

கால்சியம், வைட்டமின் டி விஷயமும் இலேசானதல்ல. சார்காய்டோசிஸில் உருவாகும் கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டிகளில் உள்ள அணுக்கள், உடலின் கட்டுப்பாட்டை மீறி வைட்டமின் டி-யைச் செயலூட்டுவதால், இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் இருந்தால் உடனே சொல்லுங்கள். மறுபுறம், ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்வதால் சிலருக்கு மருத்துவர்களே கால்சியம் கொடுப்பதுண்டு. எனவே இரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குங்கள்.

பொங்கோல் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. மாத்திரைப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை; அப்படியே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுகிறேன். இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன்: சில வாரங்களாக மாடிப்படி ஏறும்போது வலது தொடை இடுக்கிலும் வலிக்கிறது. இதையும் இதனோடு சேர்த்துச் சொன்னால் போதுமா?

பதில்: ஈசூன் குடும்பத்தலைவி

சகோதரி, அதைத் தனியாக, முதலில் சொல்லுங்கள். என் கணவருக்கும் நீண்டகாலம் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். தொடை இடுக்கு வலியை நாங்கள் சார்காய்டு வலியென்றே எண்ணிக்கொண்டிருந்தோம். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நலிந்திருப்பது தெரிந்தது. உங்களுக்கும் அதுவே என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இடுப்பு மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஆகவே எம்ஆர்ஐ தேவையா என்று நேரடியாகவே கேளுங்கள். அதுவரை தரையில் அமராமல், பள்ளியில் சொல்லி உயரமான இருக்கை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கால் ஊன்றவே முடியாத அளவுக்கு வலித்தால் முன்பதிவுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பிரெட்னிசொலோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.