சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு எங்கள் சாப்பாடும் நடமாட்டமும்: அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 என்று வந்தபோது, மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையோடு ஓர் உணவுத் தாளையும் கொடுத்தனுப்பினார். காலையில் ஓட்ஸ், இரவில் சப்பாத்தி என்று அதில் இருந்தது. மூன்று வேளையும் அரிசியிலேயே வளர்ந்த காவிரிக்கரை உடம்புக்கு அந்தத் தாள் எத்தனை நாள் செல்லுபடியாகும் என்பது உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் சப்பாத்திக்கு மாறியவர்கள் வேளைக்கு நான்கைந்து உண்கிறார்கள். நான்கு சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்து ஒரு தட்டுச் சோற்றில் உள்ளதற்குக் குறைந்ததன்று.

எனக்கு வழிகாட்டியது, வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர்தான். முதல் கவளம் வாயில் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால், எந்த உணவு நமக்கு ஒத்துவருகிறது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைச் சமையலறைத் தராசில் வைத்தபோது அது 400 கிராமைத் தாண்டியது. இப்போது 150 கிராமோடு நிறுத்திக்கொண்டு, தட்டில் பாதியை வாழைத்தண்டு, அவரைக்காய், கீரை மசியல் ஆகியவற்றுக்கும், கால் பங்கைப் பயறு அல்லது சுண்டலுக்கும் விட்டுவிட்டேன். உருளைக்கிழங்கு வறுவல் எங்கள் வீட்டில் காய்கறிக் கணக்கிலிருந்து நீங்கிச் சோற்றுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இதில் என் மனைவிக்கு இன்னும் வருத்தம் உண்டு.

உண்ணும் வரிசையையும் மாற்றினேன். காயையும் பயறையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், நார்ச்சத்தும் புரதமும் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பதால் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதில்லை. அதே சாம்பார், அதே சோறு, அதே அளவு; வரிசை மாறியதற்கே மீட்டரில் முப்பது நாற்பது புள்ளி வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. மகாமகக் குளத்தைச் சுற்றி அதிகாலையில் நடப்பது பழைய வழக்கம்தான் என்றாலும், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பதினைந்து நிமிடம் தெருவில் நடப்பதே கூடுதலாகப் பலன் தந்தது. வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கினார். அடுத்த எச்பிஏ1சி பரிசோதனையில் 6.9 வந்தது.

பாகற்காய்ச் சாறு குடிப்பவர்களோடு எனக்கு வழக்கு ஏதும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பவர்களைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து, இல்லத்தரசி:

ஐயா சொன்ன மீட்டர்தான் எங்கள் வீட்டு வாக்குவாதத்தையும் தீர்த்து வைத்தது. நோய் என் மாமியாருக்கு. சமையல் என் பொறுப்பு. சீனியை நிறுத்திவிட்ட அத்தை, கருப்பட்டிக் காப்பியை மட்டும் விட மறுத்தார்கள். "பனையில வர்றது எப்படித்தா சீனியாகும்?" என்பது அவர்கள் கேள்வி. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே என்று நான் சொன்னபோது கேட்காதவர்கள், காப்பி குடித்த பின் திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தாமாகவே தம்ளரை நகர்த்தி வைத்தார்கள்.

கேழ்வரகுக் கூழ் இன்னும் பெரிய வியப்பைத் தந்தது. சிறுதானியம் என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. நைசாக அரைத்த மாவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மாவுச்சத்து முன்கூட்டியே குழைந்து, எளிதில் செரித்து, விரைவாக இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. ஒரு சொம்புக் கூழுக்குப் பிறகு அத்தைக்கு 238 காட்டியது. அதற்குப் பதிலாகக் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து மூன்றையும் கூட்டி, அரிசியைக் குறைத்துக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை சுட்டுக் கொடுக்கிறேன். அவர்களுக்குப் பசியும் தாங்குகிறது.

உணவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் பாதம் மறந்துபோகிறது. தினமும் இரவில் அத்தையின் கால்களைத் துடைத்து, விரலிடுக்குகளில் ஈரமில்லாமல் ஒற்றி, உள்ளங்காலைப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் குதிகாலுக்கு முன்னால் நெருஞ்சி முள் ஒடிந்து நின்றது. சுற்றிலும் சிவந்திருந்தது, அழுத்திப் பார்த்தபோதும் அவர்களுக்கு வலிக்கவில்லை. நரம்பு உணர்விழந்திருப்பதை அப்போதுதான் அறிந்தோம். வீட்டுக்குள் செருப்புப் போடுவது மரியாதையில்லை என்று இருந்தவர்கள், இப்போது சாமி அறை வாசலில் மட்டும் கழற்றுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் பார்த்துவிடுகிறோம்.

திருப்பூரிலிருந்து, நூற்பாலைத் தொழிலாளர்:

மேலே எழுதிய இருவருக்கும் சாப்பாட்டு நேரம் கையில் இருக்கிறது. இரவு ஷிப்டில் நிற்பவர்களுக்கு அது கிடையாது. தூக்கத்தை விரட்டக் குடிக்கும் ஒவ்வொரு டீயிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை இருந்ததால், உணவைக் குறைத்தும் என் எண்கள் இறங்கவில்லை. கடைக்காரரிடம் 'வித்தவுட்', அதாவது சர்க்கரை இல்லாத டீ, என்று கேட்கத் தொடங்கிய பிறகே அவை அசைந்தன.

எனக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்ற மாத்திரையும் உண்டு. இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றுக்கு உணவு வந்ததா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரை போட்ட இரவு ஒன்றில், இயந்திரம் நின்றுபோனதால் சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போயிற்று. சட்டை நனையும்படி வியர்த்தது, கை நடுங்கியது, அறுந்த நூலைப் பிடித்து இணைக்க விரல் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்தார். அவர் கணவருக்கும் இதே நோய் என்பதால் அறிகுறி அவருக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் மருத்துவர் என் ஷிப்டு அட்டவணையைக் கேட்டு வாங்கி, மாத்திரையை உணவு கைக்கு வந்த பிறகே போடும்படி மாற்றிக் கொடுத்தார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கிறது.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அப்படியிருந்தும் ஆலைகளில் பலர் இதை மறைத்தே வேலை பார்க்கிறார்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லாவிட்டாலும், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடமாவது சொல்லி வையுங்கள்.

காயல்பட்டினத்திலிருந்து, கடை வைத்திருப்பவர்:

திருப்பூர் அண்ணனுக்கு வந்த தாழ்சர்க்கரை, அதாவது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதுதான், நோன்பு மாதத்தில் எங்களுக்கும் முதல் அச்சம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இருந்தும் நோன்பு வைக்க விரும்புகிறவர்கள், ரமலானுக்கு ஆறேழு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு மாத்திரையின் பெரும்பகுதியை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மாற்றி, விடியலுக்கு முன் உண்ணும் ஸஹருக்கு உரியதைக் குறைத்தார்கள். ஸஹரை இயன்றவரை பிந்தி, முட்டையும் பருப்பும் சேர்த்து உண்கிறேன். நோன்புக் கஞ்சியும் அரிசிதான் என்பதால், ஒரு கோப்பை கஞ்சி குடித்த இரவில் தனியாகச் சோறு இல்லை. சர்பத்தும், வாடா என்ற பொரித்த பலகாரமும் மற்றவர்களுக்கு. ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகையின் குனிதலும் நிமிர்தலும் உடற்பயிற்சிக் கணக்கில் சேரும் என்பதால், அந்த மாதம் கூடுதலாக நடப்பதில்லை.

பகலில் விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று எங்கள் ஆலிம் (மார்க்க அறிஞர்) தெளிவாகச் சொன்னார். 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர் விதித்த எல்லை. ஒருநாள் அஸர் எனும் மாலைத் தொழுகைக்குப் பிறகு 66 காட்டியது. நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சிறிது நேரமே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னார், நான் பொறுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி அளந்தேன். மறுநாளே மாத்திரையின் அளவைக் குறைத்து வாங்கிக்கொண்டு மீதி நோன்புகளைத் தொடர்ந்தேன். விட்ட ஒன்றைப் பெருநாளுக்குப் பின் வேறொரு நாளில் நோற்றுக் களாச் செய்தேன்.